துரை உள்ளே வந்த நேரம்

உங்கள் ஸ்டேஷன் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருப்பது பந்தயப் புறா இல்லை. தெருப் புறா. கழுத்தைப் பார்த்தாலே தெரியும். பேசும்போது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தவறாக நினைக்க வேண்டாம். எந்த அறைக்குப் போனாலும் என் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும்.

நீங்கள் கேட்டது எளிய கேள்வி. பந்தயக் கடிகாரத்தில் ஒரு நேரம் பதிவாகியிருக்கிறது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரம் அதற்கு வெகுவாகப் பிந்தியிருக்கிறது. நடுவில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்கிறீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். புறா வளர்க்காதவருக்கு அந்த வரி விளங்காது. தப்பாகவும் விளங்கிவிடும். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். என் மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மாடியில் புறாக்கூண்டு. பிள்ளை இல்லாத குறையைப் புறாவில் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று கிளப்பில் பேசிக்கொள்வார்கள். என் காதிலும் விழுந்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. பிள்ளைகள் போனால் போனதுதான். புறா திரும்பி வரும்.

பந்தயம் என்பது இவ்வளவுதான். புறாக்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அவை பார்த்திராத ஓரிடத்தில் திறந்துவிடுவார்கள். அவை வீட்டுக்குப் பறந்து வரும். ஆனால் வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தால் போதாது. கூண்டுக்குள் நுழைய வேண்டும். நுழைவாசலில் மெல்லிய கம்பிகள் தொங்கும். உள்பக்கமாக மட்டும்தான் விலகும். உள்ளே வந்ததும் பிடித்து, கிளப்பில் காலில் மாட்டிவிட்ட ரப்பர் வளையத்தைக் கழற்றி, கடிகாரத்தில் போட்டு அழுத்த வேண்டும். அப்போது பதிவாகும் நேரம்தான் செல்லும்.

மலையைத் தாண்டி, பருந்துக்குத் தப்பி வந்த புறா, சொந்தக் கூரையில் உட்கார்ந்து சாவகாசமாக இறகு கோதிக்கொண்டிருக்கும். கீழே நிற்பவன் வயிறு எரியும். ஒன்றும் செய்ய முடியாது. கத்தக் கூடாது, கையை வீசக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. பழக்கமில்லாத எதுவும் அதன் கண்ணில் படக் கூடாது. அது பறந்துபோய் அடுத்த கூரையில் உட்கார்ந்தால், அதற்குள் பக்கத்துத் தெருக்காரர் ஜெயித்துவிடுவார்.

துரை அந்த ரகம்.

பறப்பதில் அவனை மிஞ்ச எங்கள் கிளப்பில் ஆள் இல்லை. இறங்குவதில் அவனைப் போல ஒரு பிடிவாதக்காரனும் இல்லை. குஞ்சாக இருந்தபோது தாய் ஒதுக்கிவிட்டது. பிழைக்காது, விட்டுவிடு என்று சொன்னேன். என் மனைவி கேட்கவில்லை. பட்டாணியை ஊறவைத்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஊட்டி வளர்த்தாள். துரை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நடை அப்படி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாடகை வசூலிக்க வந்தவன்போல நடப்பான்.

அவளுடைய குரலுக்கும் அவள் குலுக்கும் தீனி டப்பாவுக்கும் மட்டும்தான் இறங்குவான். நான் அதே டப்பாவை, அதே மாதிரி குலுக்கியிருக்கிறேன். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பான். அவ்வளவுதான்.

"வாங்க துரை, வாங்க. எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கோம்" என்று அவள் அழைப்பாள். ஆபரேட்டர் குரல். தெருமுனை வரை தெளிவாகக் கேட்கும்.

"என்னைய ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருக்கியா" என்று கேட்டேன்.

"நீங்க எங்கயாவது போனாத்தானே, வாங்கன்னு கூப்பிடுறதுக்கு" என்றாள்.

அவள் அப்படித்தான் பேசுவாள். தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைப்பாள்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. பிறகு இருமல் வந்தது. வறட்டு இருமல், விடாமல். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். ஏன் நிற்கிறாய் என்றால், படியை எண்ணுகிறேன் என்பாள். நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவுகளை வாங்க நான் மட்டும் போனேன். அவளால் அன்று பஸ்ஸில் நிற்க முடியவில்லை.

டாக்டர் இளைஞர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். "வீட்ல பறவை ஏதாவது வளக்கிறீங்களா" என்று கேட்டார். புறா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

புறாவின் இறகிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி உதிரும். நல்ல புறாவாக இருந்தால் நிறையவே உதிரும். எங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்துத்தான் புறாவின் ஆரோக்கியத்தைச் சொல்வோம். கையில் எடுத்தால் உள்ளங்கை மாவு பூசினாற்போல இருக்க வேண்டும். துரையைத் தூக்கினால் சட்டையெல்லாம் வெள்ளையாகிவிடும். அந்தப் பொடியும் காய்ந்த எச்சத்தின் தூசியும் சில பேருடைய நுரையீரலுக்கு ஆகாது என்றார் டாக்டர். மூச்சுப்பை கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகிக்கொண்டே வரும். தழும்பானது திரும்பாது. ஆனால் இப்போதே நிறுத்திவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"மருந்து?" என்றேன்.

"மருந்தெல்லாம் அப்புறம் சார். அவங்களும் புறாவும் ஒரே வீட்ல இருக்கக் கூடாது. சந்தேகமா இருந்தா ஒண்ணு பண்ணுங்க. கொஞ்ச நாள் வேற எங்கயாவது அனுப்பிப் பாருங்க. அங்க நல்லா இருந்து, இங்க வந்ததும் திரும்ப ஆரம்பிச்சா, வேற பரிசோதனையே வேண்டாம்."

நியாயமான பேச்சு. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "என்னவாம்?"

"சீதோஷ்ணம். ஒத்துக்கல."

"இத்தனை வருஷமா ஒத்துக்கிட்ட சீதோஷ்ணத்துக்கு இப்ப என்ன வந்துச்சாம்?"

"வயசு" என்றேன்.

"உங்களுக்கா எனக்கா?" என்று கேட்டுவிட்டு இருமினாள்.

ஏன் மறைத்தாய் என்று கேட்கத்தான் போகிறீர்கள். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. முதலில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். வழி என்றால் என்ன வழி என்று பாருங்கள். புறாக்களை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். பந்தயப் புறாவைக் கொடுக்க முடியாது. நீங்கள் வாங்கிக்கொண்டு போய், நன்றாகத் தீனி போட்டு, ஒரு வருஷம் கழித்துக் கதவைத் திறந்தாலும் அது என் வீட்டுக்குத்தான் வரும். அதற்குத்தானே பழக்கியிருக்கிறோம். வளர்ந்த புறாவை வாங்குகிறவர் அதைச் சாகும் வரை அடைத்துத்தான் வைக்க வேண்டும். கிளப்பில் அவற்றைக் கைதிகள் என்போம். குஞ்சு பொரிக்க மட்டும் வைத்துக்கொள்வார்கள். வானத்தைப் பார்த்த புறாவை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வழிதான் மிச்சம்.

அதைப் பற்றிக் கிளப் செயலாளரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பந்தயக் கடிகாரங்களுக்கு முத்திரை வைப்பவர் அவர்தான். அதனால் கடிகாரம் என்றே எல்லாரும் கூப்பிடுவோம். நேரத்துக்கு எங்கேயும் வர மாட்டார். அந்தப் பெயருக்கு அதுவும் ஒரு காரணம்.

"ஒருத்தர் கூண்டையே கலைக்கணும்னா என்ன பண்ணுவார்?" என்றேன்.

"யாரு அண்ணே, நீங்களா? அண்ணி விரட்டிட்டாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"நம்ம பேக்கரிக்காரர் கலைச்சார்ல. நெஞ்சுல பொடி ஏறிருச்சு, இனிமே புறா பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு சாயங்காலம் மேல போனார். ஒண்ணு விடாம கழுத்தத் திருகிட்டுக் கீழ வந்தார். அப்புறம் ரொம்ப நாள் கடையே திறக்கல. ரொட்டி இல்லாம தெருவே திட்டிச்சு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"குண்டா இருக்கார். போன வாரம் என்னைய ஓடிவந்து பிடிச்சார், கிளப் பழைய பாக்கிக்கு."

பேக்கரிக்காரர் மனத்திடம் உள்ளவர். நான் அப்படி இல்லை. என்னால் ஒரு உயிரைக் கொல்ல முடியாது. கூண்டுக்குப் போய் ஒன்றை எடுத்தும் பார்த்தேன். வயதான பெட்டை, இனிப் பந்தயத்துக்கு ஆகாது. கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

எனக்கும் பொடி ஆகாமல் போகலாம் என்பதால் ஒரு முகமூடி மாட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். கடையில் லென்ஸ் தேய்க்கும்போது போடுகிற அதே முகமூடி. புறாக்களுக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. என்னை அவை எப்போதும் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை.

அவளும் ஒரு நாள் கைத்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மேலே வந்தாள். தூசி நெடி தாங்கவில்லை என்றாள். அன்று பயிற்சி நாள். புறாக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தோம். மற்றவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. துரை கூரையில் உட்கார்ந்து அவளையே பார்த்தான். அவள் டப்பாவைக் குலுக்கினாள். துண்டுக்குள்ளிருந்து குரல் சரியாக வரவில்லை. அவன் எழுந்து தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

"அதக் கழட்டிடு. அவனுக்கு உன்னைய அடையாளம் தெரியல" என்றேன்.

"நீங்க மட்டும் மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

"என்னையப் பாத்து அவன் எறங்குறதில்லையே."

அவள் துண்டை அவிழ்த்தாள். துரை உடனே இறங்கினான். அவள் தோளில் ஏறி இறக்கையை உதறினான். அவள் முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. "பவுடர் போட்டுவிடுறார் துரை" என்று சிரித்தாள். அதன் பிறகு அவள் துண்டு கட்டவில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் அதைக் குறித்துக்கொள்வதாக இருந்தால், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றச் சொன்னது ஒரு முறைதான்.

டாக்டர் சொன்னபடி அவளை வெளியே அனுப்பினேன். அவளுடைய தங்கை வீட்டுக்கு. தங்கை தையல்கடை வைத்திருக்கிறாள், தனியாக இருக்கிறாள். காற்று மாறினால் சரியாகிவிடும் என்று சொல்லி நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பந்தயக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆண் புறாவையும் பெட்டையையும் சில நாள் பிரித்து வைப்போம். லாரியில் ஏற்றுவதற்கு முன் பெட்டையைக் கொஞ்ச நேரம் காட்டுவோம். கிட்டே போவதற்குள் எடுத்துவிடுவோம். அந்த ஏக்கத்தில் ஆண் புறா உயிரைக் கொடுத்துப் பறந்து வரும். துரைக்கு எந்தப் பெட்டையின் மேலும் பெரிய நாட்டம் இல்லை. அவனுக்கு அவள்தான். பருவத்தின் கடைசிப் பந்தயம் வரப்போகிறது. மலைக்கு அப்பாலிருந்து விடும் பெரிய பந்தயம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு முறைகூட அதில் ஜெயித்ததில்லை. அவளைத் துரையிடமிருந்து பிரித்து வைத்தால் அவன் எப்படிப் பறப்பான் என்று யோசித்தேன். டாக்டரும் பிரிக்கத்தான் சொல்லியிருந்தார்.

தங்கை போன் செய்தாள். "மாமா, அக்கா இப்ப மாடிப்படி ஏறி இறங்குறா. நேத்து கடையில உக்காந்து பாட்டுப் பாடுறா. கஸ்டமர் எல்லாம் யாருன்னு கேக்குறாங்க. இங்கயே வெச்சுக்கட்டுமா?"

"எவ்வளவு நாளைக்கு?" என்றேன்.

"எதுக்குக் கணக்கு? அவ இருக்கட்டும், நீங்களும் வாங்க. கண்ணாடிக்கடை இங்க இல்லையா?"

பிறகு என் மனைவி பேசினாள். ஆபரேட்டர் குரல் திரும்பி வந்திருந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியவில்லை. அப்போது எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. டாக்டர் சொன்னது முழுக்க உண்மை.

அந்தப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்வது சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாளா? அங்கேயே இருந்துவிடுவாள். தங்கை விடமாட்டாள். அல்லது வந்து, ஒன்று நான், இல்லாவிட்டால் புறாக்கள் என்பாள். அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லைதான். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவரை நாம் நிறுத்தக் கூடாது.

பந்தயத்துக்கு லாரி கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்தேன்.

"துரை தீனி தொடல" என்றேன். பொய். நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தான்.

"எத்தனை நாளா?" என்று பதறினாள்.

"ரெண்டு மூணு நாளா. வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கான்."

"நீங்க ஏதாவது திட்டினீங்களா அவர?"

"நான் எதுக்குத் திட்டுறேன்."

பின்னால் தங்கை ஏதோ சொல்வது கேட்டது. "சும்மா இருடி, ஒரு வாய் ஊட்டிட்டு வந்துடுறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னிடம், "நாளைக்குக் காலைல முதல் பஸ்ல வர்றேன்" என்றாள்.

வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஏறினாள். பாதியில் நிற்கவில்லை. துரை அவளைப் பார்த்ததும் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தான், தொண்டையை உப்பிக்கொண்டு. அவள் கையை நீட்டினாள். தொடுவதற்குள் நான் அவனை எடுத்துக் கூடையில் போட்டு மூடிவிட்டேன்.

"என்னங்க இது, ஒரு வாய்கூட ஊட்டலையே" என்றாள்.

"லாரி கிளம்புது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். புறாக்காரன் பெண்டாட்டி. அந்தப் பிரித்துக்காட்டும் வித்தை அவளுக்கும் தெரியும். "அவர் நல்லாத்தானே தின்னாரு?" என்று கேட்டாள். நான் கூடையின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வந்துட்டேன்ல, பந்தயம் முடிஞ்சு போறேன்" என்றாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அப்போதே போயிருப்பாள். போகவில்லை. யாரும் அவளைக் கட்டிவைக்கவில்லை.

நடுவில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் பந்தயக் கடிகாரத்தை நீங்கள் எடுத்து வைத்திருப்பதால் கிளப்பில் முடிவை அறிவிக்காமல் இருக்கிறார்கள். செயலாளர் உங்கள் முன்னால்தான் அதைத் திறந்தார். பதிவான நேரம் செல்லும் என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதித் தர முடியுமா? பறந்தது துரை. அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை.

பந்தய நாளன்று வானம் சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தின இரவே அவளுக்கு இருமல் திரும்பியிருந்தது. காலையில் உதடு கொஞ்சம் நிறம் மாறியிருந்ததைக் கவனித்தேன். "நீங்களே கூப்பிட்டுக்கங்களேன் இன்னிக்கு" என்றாள். நான் சிரித்தேன். அவளும் புரிந்துகொண்டு மேலே வந்தாள். கூண்டுக்குள், கதவுக்குப் பக்கத்தில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் தீனி டப்பா. அங்கே உட்கார்ந்தால்தான் கூரையிலிருந்து பார்ப்பவனுக்கு அவள் முகம் தெரியும். நான் கொஞ்சம் தள்ளி, பந்தயக் கடிகாரத்தோடு, முகமூடி போட்டுக்கொண்டு நின்றேன். கூரை இடுக்கிலிருந்து வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பொடி பறப்பது தெரிந்தது.

வெகு நேரம் காத்திருந்தோம். அவள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவளாகவே துண்டை எடுத்துவிட்டாள்.

பிறகு சொன்னாள். "கீழ மேஜை மேல அந்த இழுக்குற மருந்து இருக்கு. எடுத்துட்டு வாங்களேன்."

"கொஞ்சம் இரு. இப்ப வந்துடுவான்."

"முடியலங்க."

கேட்டது. நன்றாகவே கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கீழே போய் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று கேட்டீர்கள். அதிகம் ஆகாது. ஆனால் அப்போதுதான் வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. தாழ்வாக, இறக்கையை மடக்கிக்கொண்டு, கல்லை எறிந்தாற்போல வந்தான். அவன் அப்படிப் பறந்து நான் பார்த்ததே இல்லை. வேறு எந்தக் கூண்டுக்கும் இன்னும் எதுவும் வந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

வந்து கூரையில் உட்கார்ந்தான்.

"கூப்பிடு" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. திரும்பவும் முயன்றாள். ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மறு கையை என் பக்கம் நீட்டினாள். துரை தலையைச் சாய்த்துப் பார்த்தான். நான் நகர்ந்திருந்தால் அவன் பறந்துபோயிருப்பான். அது நிச்சயம். நான் நகரவில்லை.

அவள் பெட்டியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள். சத்தமில்லாமல்தான் விழுந்தாள். டப்பா அவள் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பிடித்துத் தரையில் தட்டினாள். தீனி குலுங்கியது. விட்டு விட்டு, மறுபடி மறுபடி தட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

அந்தச் சத்தத்துக்குத் துரை இறங்கினான். வாசல் கம்பிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

அவனைப் பிடித்தேன். வளையத்தைக் கழற்றி, கடிகாரத்தில் போட்டு, அழுத்தினேன். அதுதான் உங்களிடம் உள்ள நேரம். அப்போது அவள் உயிரோடு இருந்திருக்கலாம், அந்த நிமிஷம் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் படித்தவர். சரியாகத்தான் சொல்வார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "ஜெயிச்சுட்டோம்" என்று சொன்னதாக நினைவு. அவள் பக்கவாட்டில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. டப்பாவின் மேல் கை இருந்தது. துரை என் கையிலிருந்து இறங்கி அவளிடம் நடந்துபோனான். அதே நடை. இறக்கையை உதறினான்.

அப்போது கூரையில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. என்னுடையதுதான். முதல் இரண்டு இடமும் ஒரே கூண்டுக்கு வந்ததில்லை, எங்கள் கிளப்பில். அது இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் என்பது, நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரத்திலிருந்து உங்களுக்கே தெரியும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவளும் அசையவில்லை. அவள் மூச்சு விடவில்லை என்பதையும் பார்த்தேன். புறா வாசலில் நிற்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கம்.